தொப்பி போட்ட ஐந்து பேர்

எங்கள் ஊர் சண்டிலிப்பாய். கலியாணம் முடிந்த கிழமையே என் கணவர் மலாயாவில் ரயில்வே வேலைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு வருடம் கழித்து என்னை அங்கே அழைத்தார். பயண அனுமதிக்காக அண்ணையோடு யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போனேன். விசாரணைக்கு என்னைத் தனியே கூப்பிட்டார்கள்.

வெள்ளைக்காரத் துரை எங்கள் கடதாசிகளோடு இருந்த ஒரு படத்தை நீட்டினார். என் கணவர் தம்மோடு வேலை செய்பவர்களுடன் எடுத்து அனுப்பிய படம் அது.

“உதிலை உம்மடை புருசன் ஆரெண்டு காட்டும் பிள்ளை,” என்றார் மொழிபெயர்ப்பவர்.

படத்தை வாங்கிப் பார்த்தேன். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு, தொப்பி. அவர் முகத்தை நான் நேரே பார்த்ததே இல்லை. படம் வந்த அன்றும், சுற்றிவர ஆட்கள் நின்ற வெட்கத்தில் அடுப்படிக்குள் ஓடியவள் நான். பிழையான ஆளைக் காட்டினால் பயணமே இல்லை.

அப்போதுதான் சுண்டுவிரல் வளைந்த ஒரு கை கண்ணில் பட்டது. சோறு போடும்போது குனிந்த தலையோடு நான் பார்த்ததெல்லாம் அந்தக் கையைத்தான்.

“இவர்தான். சாப்பிடேக்கை கையைப் பாத்திருக்கிறன்,” என்றேன்.

படத்தைத் திருப்பிப் பின்னால் வரிசையாக எழுதியிருந்த பெயர்களைப் பார்த்த துரை, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது பென்சனோடு ஊருக்கு வந்துவிட்டோம். மலாயாவில் போய் இறங்கிய நாள் தொட்டு இன்றுவரை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சோறு போடுகிறேன். கச்சேரிக் கதையை அறிந்த நாள் முதல், தலை குனிந்து சாப்பிடுகிறவர் அவர்தான்.