ஏழு நாள் வீட்டுக்காரன்

என் பெயரில் ஒரு கூரைகூட இல்லை என்பதை ஓய்வு பெற்ற மறு மாதந்தான் கவனித்தேன். அதுவரை நேரமில்லை, ஊராரின் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதேச சபையில் சோலைவரிப் பகுதியில் எனக்கு வேலை. வீடு வீடாகப் போய், பூட்டுத் திறப்பால் சுவரைத் தட்டி, ஓட்டை அண்ணாந்து பார்த்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, இந்த வீடு இவ்வளவு பெறும், ஆகவே வருடத்துக்கு இவ்வளவு வரி என்று எழுதவேண்டும். என்னைக் கண்டதும் சனங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே குறை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மினுமினுக்கும் புது ஓட்டின் கீழே நின்றுகொண்டு, "எல்லாம் ஒழுகுது ஐயா" என்பார்கள்.

பதிவேட்டில் முதல் கட்டம் உரிமையாளர் பெயர். அதில் நான் எழுதியதெல்லாம் அநேகமாகப் பெண்களின் பெயர்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுக்கு; மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். நான் பிறந்தது அம்மாவின் வீட்டில். அக்கா கலியாணம் முடித்த அன்று அது அக்காவின் வீடாகிவிட்டது. பிறகு நான் களுவாஞ்சிக்குடிக்கு, என் மனைவியின் வீட்டுக்கு, ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளுமாக வந்தேன். பின்பக்கத்து இரண்டு அறைகளும் என் சம்பளத்தில் கட்டியவை. சீமெந்தை நானே குழைத்தேன். ஆனாலும் அவளுடைய வீட்டில் கட்டிய அறைகள் அவளுடையவை. போன வருடம் வீட்டை மகள் பெயருக்கு எழுதினோம். சாகும்வரை இருந்து அனுபவிக்கும் உரிமையை மனைவி வைத்துக்கொண்டாள். அந்த உறுதிப் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது. சாட்சியாக.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் கலியாணமான புதிதில் நடந்த ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இன்னும் கிடக்கிறது. ஒரு நாள் முன்சுவரில், கலண்டர் மாட்டுவதற்காக, ஒருவரையும் கேட்காமல் ஆணி அடித்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சாந்து பெயர்ந்து விழுந்தது. மனைவி வந்து பார்த்தாள். ஏசவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் மேசனைக் கூப்பிட்டுப் பூசுவித்தாள். கலண்டர் மேசைக்குப் போயிற்று. அன்றிலிருந்து ஆணி அடிக்குமுன் எங்கே அடிக்கட்டும் என்று கேட்டுத்தான் அடிப்பேன். அவள் சொல்லும் இடம் ஒரு நாளும் நான் நினைத்த இடமாக இருந்ததில்லை.

இந்த நிலையில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மாங்கேணிப் பக்கம் கடலோரத்தில் ஒரு ரிசோட். ஓய்வு பெற்ற அரச ஊழியர்களுக்கு அழைப்பாம். உங்களை ஏற்றிப்போக வான் வரும், பகல் சாப்பாடு தருவோம், புதிதாகக் கட்டிய வில்லாக்களை வந்து பாருங்கள் என்றார்கள். வில்லாவை விற்பதில்லை. அதில் ஒரு கிழமையை விற்பார்கள். வருடத்தில் அந்த ஏழு நாளும் வீடு உங்களுடையது, மற்றக் கிழமைகள் மற்றவர்களுடையவை, இப்படி இருபது வருடத்துக்கு.

"சாப்பாடு சும்மா தாறானுகளெண்டா சாப்பாட்டுக் காசு வேற எங்கயோ இரிக்கு" என்றாள் மனைவி. ஆனாலும் நல்ல சாரியைத்தான் உடுத்தாள்.

எங்களைச் சுற்றிக் காட்ட வந்தவர் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிப் பெண், போர்த்துக்கீசர் வழிவந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கொழும்புத் தமிழில் விற்பார் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் எங்களைவிடச் சுத்தமான மட்டக்களப்பு. முதலில் பழைய அறைகளைக் காட்டினார். ஓட்டுக் கூரை, கல் சுவர், சின்ன யன்னல்கள். திறப்பால் தட்டினேன், திண்ணென்று சத்தம் கேட்டது. விலையும் தாங்கக்கூடிய விலை.

அதற்கு அப்பால் புது வில்லாக்கள் நான்கு. பழைய அறையைப் போல் மூன்று மடங்கு விலை. சுவரில் பாதி கண்ணாடி. குளியலறைக்குக் கூரையே இல்லை. மழை பெய்தால் இரண்டு குளிப்பு ஒரே நேரத்தில் முடியும். முன்னால் கடல், பின்னால் களப்பு, நடுவில் ஒரு நீச்சல் தொட்டி.

"இவ்வளவு தண்ணிக்கு நடுவுல இந்தத் தொட்டி என்னத்துக்கு மகள்?" என்றாள் மனைவி.

"வெள்ளைக்காரருக்கு அன்ரி. கடலைப் பாத்துக்கொண்டு தொட்டிக்குள்ள நிப்பாங்க."

நான் என் வேலையைத் தொடங்கினேன். ஒரு சுவரைத் தட்டினேன், டொக்கென்றது. பலகை. இன்னொன்றைத் தட்டினேன், அதுவும் பலகை. கண்ணாடிச் சட்டத்தின் மூலையில் உப்புக் காற்று அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் பீலி இல்லை. தரைப் பலகை மட்டும் உண்மையிலேயே நல்ல மரம். பத்து நிமிடத்தில் மனதுக்குள் பதிவேட்டை மூடிவிட்டேன். கட்டடமாகப் பார்த்தால் பழைய அறையின் விலைகூடப் பெறாது.

மனைவி வேறு வகையில் மதிப்பிட்டாள். குசினி என்று சொல்லப்பட்ட அலுமாரியைத் திறந்து பார்த்தாள்.

"மீன் கழுவின தண்ணிய எங்க ஊத்துற?"

"இஞ்ச சமைக்கிறல்ல அன்ரி. சாப்பாடு நாங்க கொண்டு வருவம்."

"கருவாடு பொரிக்க ஏலாதா?"

"ஏலா அன்ரி. கண்ணாடியில மணம் பிடிச்சிரும்."

பறங்கிப் பெண் அசரவில்லை. எங்களை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கதவைக் காட்டினார். கதவில் மரப் பலகை ஒன்று தொங்கியது. அதில் யாரோ ஒருவருடைய பெயர் வெட்டியிருந்தது.

"அங்கிள், உங்கட கிழமை வந்தா இதக் கழட்டிப் போட்டு உங்கட பேர்ப் பலகையக் கொழுவுவம். அந்த ஏழு நாளும் நீங்கதான் வீட்டுக்காரன். நாங்களும் தட்டிக் கேட்டுத்தான் உள்ள வருவம்."

அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருட அனுபவம் காற்றில் போயிற்று. பலகைச் சுவர், உப்புக் காற்று, இல்லாத பீலி எல்லாம் மறந்தேன். கதவில் என் பெயர் தொங்குவதை மட்டுந்தான் கண்டேன். பணிக்கொடையில் மிச்சமிருந்த காசு சரியாக அந்த விலைக்குக் காணும் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. காசுக்கு அப்படி ஒரு குணம்.

சாப்பாடு வரும்வரை வில்லாவில் இருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் உள்ளே போய்ப் பெரிய கதிரையில் சாய்ந்தேன். மனைவி வாசலிலேயே நின்றாள். கையில் பை.

"வரலாமா?" என்றாள்.

பகிடி பண்ணுகிறாள் என்று தெரிந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லை. "வாகா, வந்து இரி" என்றேன்.

"இந்தப் பைய எங்க வைக்கட்டும்?"

இதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வயதுவரை ஒரு பெண்ணும் என்னிடம் ஒரு வீட்டுக்குள் நின்று அப்படிக் கேட்டதில்லை. நான் நாலு பக்கமும் பார்த்தேன், யோசிப்பது போலக் கொஞ்சம் பாவனை செய்தேன், "அந்த மேசையில வை" என்றேன். அவள் வைத்தாள். சந்தோஷத்தில் எனக்குக் காது சூடானது.

நண்டுக் கறி வந்தது. குறை சொல்ல முடியாத நண்டு. மனைவி கதிரையில் காலை நீட்டி இருந்து சாப்பிட்டாள். யாரோ பரிமாற அவள் இருந்து சாப்பிட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு படிவம் வந்தது. அதற்கு முன் கிழமையைத் தெரிவுசெய்யவேண்டும். பள்ளிக்கூட லீவுக் கிழமைகள் எல்லாம் போய்விட்டன. களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாக் கிழமை இருந்தது. அதைக் கேட்டதும் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அதுவும் போயிற்று. மிஞ்சியது மார்கழியில் ஒன்று. அடைமழை, வெள்ளம். "தொட்டிய வீட்டுக்குள்ளயே கொண்டு வந்து தருவாங்க போல" என்றாள். நான் அதையும் பொருட்படுத்தவில்லை. மழை பெய்தால் என்ன, கதவு நனையும், பெயர் நனையாது.

பேனையைத் திறந்து முதல் கட்டத்தை நிரப்பினேன். உரிமையாளர் முழுப் பெயர். அழகாக, வட்டவட்ட எழுத்தாக, ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல்.

பறங்கிப் பெண் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார்.

"அங்கிள், இது அன்ரிட பேரெல்லோ?"

குனிந்து பார்த்தேன். என் மனைவியின் பெயர். அவளுடைய தகப்பனின் முதலெழுத்தோடு. உரிமையாளர் என்ற சொல்லைக் கண்டதும் கை பழைய பழக்கத்தில் தன்பாட்டுக்கு ஓடியிருக்கிறது. மின்சார பில், தண்ணீர் பில், வெள்ள நிவாரணப் படிவம், எல்லாவற்றிலும் இந்தக் கட்டத்தில் நான் எழுதிய பெயர் அதுதான்.

முதலில் நான்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கரித்தது. வெட்கமாகவும் இருந்தது. வேறு படிவம் கொண்டுவருகிறேன் என்று பறங்கிப் பெண் நல்ல பிள்ளையாக எழும்பிப் போனார்.

மனைவி படிவத்தை எடுத்துப் பார்த்தாள். பகிடி முகத்தில் இல்லை.

"உண்மையச் சொல்லுங்க. இந்தப் பலகை வீட்டில உங்களுக்கு என்ன வேணும்?"

"கதவில பேர்" என்றேன். "ஒரு கிழமைக்கு எண்டாலும். ஆரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்கோணும்."

"இஞ்சயும் ஆணி அடிக்கப்படாதாம். அந்தத் தாளில ரெண்டாம் பக்கத்தில போட்டிரிக்கு."

நான் இரண்டாம் பக்கத்தை வாசித்திருக்கவில்லை. வரி மதிப்பிடப் போன காலத்தில் ஒரு தாளையும் அப்படி விட்டவனல்ல.

படிவத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எனக்கும் இது வேணும்போலதான் இரிக்கு. நான் பிறந்ததும் அந்த வீடு, கலியாணம் முடிச்சதும் அந்த வீடு, புள்ளயப் பெத்து வளத்ததும் அந்த வீடு. ஒரு நாள் ஆரும் என்ன 'வா, வந்து இரி' எண்டு சொன்னல்ல. நான்தான் எல்லாருக்கும் சொன்ன. இண்டைக்கு நீங்க சொன்னதும் கால் எல்லாம் ஆறின மாதிரி இரிந்திச்சு."

முப்பத்தினாலு வருடம் அவளோடு இருக்கிறேன். இதை நான் யோசித்ததே இல்லை. வீடில்லாத கவலையில் நான் இருந்தேன். வீட்டை விட்டு இறங்க முடியாத களைப்பில் அவள் இருந்திருக்கிறாள். அந்த வில்லாவின் உண்மையான விலை அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று மடங்கு என்பது அதிகமில்லை. அதைப் பலகைச் சுவருக்குக் கொடுப்பதுதான் அநியாயம்.

புதுப் படிவத்தோடு பறங்கிப் பெண் வந்தபோது, "யோசிச்சுச் சொல்றம் மகள்" என்று மனைவி சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. "உண்மையச் சொன்னா அன்ரி, எனக்கும் பழைய அறைதான் விருப்பம்" என்றார். வானுக்கு நண்டுக் கறி ஒரு டப்பா வந்தது.

திட்டம் வானில் வரும்போதே மனைவி போட்டுவிட்டாள். திருவிழா முடிந்த மறு கிழமை, எங்கள் வீட்டில், ஏழு நாள். வீடு என்னுடையது. அவள் விருந்தாளி.

முதல் நாள் காலை கேற்றுக்கு வெளியே பையோடு போய் நின்று, "வீட்டுக்காரர் இரிக்கிறாரா?" என்று கேட்டாள். முன்வீட்டுச் சனம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. நான் கதவைத் திறந்து, "வாங்க, வந்து இரிங்க" என்று மரியாதையாகவே கூப்பிட்டேன். தேத்தண்ணி ஊற்றினேன், அதைக் குடிக்க அவளுக்கு உண்மையான பொறுமை வேண்டியிருந்தது. சோறு இரண்டு நாள் குழைந்தது, ஒரு நாள் அடிப்பிடித்தது. கருவாடு பொரித்தேன், மணம் தெருவரைக்கும் போயிற்று. அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. குசினிப் பக்கம் ஏதாவது விழுந்து சத்தம் கேட்டால் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், ஆனால் எழும்பமாட்டாள். நாலாம் நாள் பகல் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டாள். பகலில் அவள் நித்திரை கொண்டு நான் கண்டது மகள் பிறந்த கிழமையில்தான்.

ஐந்தாம் நாள், அவள் குளிக்கப்போன நேரம், முன்சுவரில் நான் நினைத்த இடத்தில் ஆணி அடித்தேன். சாந்து கொஞ்சம் பெயர்ந்தது. பெருக்கி அள்ளினேன். எதை மாட்டுவது என்றுதான் தெரியவில்லை. அதுவரைக்கும் நான் யோசித்திருக்கவில்லை. குளித்துவிட்டு வந்தவள் ஆணியை ஒரு தரம் பார்த்துவிட்டு விருந்தாளியாகவே போய்க் கதிரையில் இருந்தாள்.

எட்டாம் நாள் காலை அவள் பையை எடுத்தாள். "அப்ப நான் போயிற்று வாறன். நல்லாப் பாத்துக்கொண்டீங்க" என்றாள். விளையாட்டை ஒழுங்காக முடிக்கவேண்டும் அல்லவா. கேற்றைச் சாத்திக்கொண்டு சந்திக் கடைப் பக்கம் நடந்தாள்.

நான் வாசலில் நின்றேன். முழு வீடும் எனக்கு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் திறப்பை எடுத்து நான் கட்டிய அறைச் சுவரைத் தட்டினேன். திண்ணென்ற சத்தம் உள்ளே போய் வந்தது. கல் சுவர், நல்ல ஓடு, ஊறும் கிணறு. பெறுமதியான வீடு. என்னால் அதற்குள் கால்மணி நேரங்கூட நிம்மதியாக இருக்க முடியவில்லை. கேற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே வந்தேன். திரும்பவும் போனேன்.

கடைசியில் சீனியும் பாணும் வாங்கிக்கொண்டு வந்து வெளியே நின்றாள்.

"இது ஆர்ர வீடு?"

"உன்ர வீடுதான்கா" என்றேன். "கெதியா உள்ள வா."

வந்தாள். செருப்பைக் கழற்றியதும் கண் நேரே முன்சுவருக்குப் போயிற்று.

"இந்த ஆணிய ஆரக் கேட்டு இதில அடிச்ச?" என்று கேட்டுக்கொண்டே கையிலிருந்த பையை அதில் மாட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள்.