மோசூர் வரை ஒரு மூச்சு

ஆடிக் கிருத்திகை அன்று உச்சி வெயிலில் திருத்தணி மலைப்படி ஏறினேன். காவடி என்னுடையதல்ல. பொதட்டூர்பேட்டையில் என்னோடு விசைத்தறி ஓட்டிய கூட்டாளிக்கு நேர்த்திக்கடன். அவன் தோள் நோகும்போது மாற்றித் தூக்கக் கூடப் போனேன். என்னைவிடச் சின்னவன்தான். ஆனாலும் ஷெட்டில் எல்லோரும் அவனை, தெலுங்கில் மச்சான் என்கிற மாதிரி, பாவா என்போம்; அவனும் எல்லோரையும் பாவா என்பான்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ரயிலில் வேர்க்கடலை விற்றேன், லாரியில் கரும்பு ஏற்றினேன், தறி ஓட்டினேன். எதிலும் நிலைக்கவில்லை. கால் இருக்கிறது, அடுத்த ஊர் இருக்கிறது என்று பிழைத்தவன். அந்தக் காலில்தான் இது தொடங்கியது.

படிகள் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தன. எல்லோரும் தண்ணீர் ஊற்றிய இடமாகப் பார்த்துத் துள்ளித் துள்ளி மிதித்தார்கள். நான் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தேன்.

“இன்னா பாவா, காலு சுடலையா ஒனக்கு?” என்றான் அவன்.

இல்லை என்றேன்.

“முருகன் புடிச்சிக்கினாருடா ஒன்ன” என்றவன், பின்னால் வந்தவர்களிடமும் அதைச் சொன்னான். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் விரல்கள் என் பாதத்தின் மேல் இருந்ததைப் பார்த்தேன். தொட்டது தெரியவில்லை. சாமி வெயிலை மறைக்கலாம், அந்த அம்மாவின் விரலை எதற்கு மறைக்க வேண்டும்? அத்தனை பேர் கும்பிடும் இடத்தில் அதை எப்படிச் சொல்வது? அடுத்த படியில் காலை வைத்தேன்.

இறங்கும்போது முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அருள் வந்துவிட்டது என்று நெற்றியில் திருநீறு பூசினார்கள். யாரும் தூக்கிவிடவில்லை.

மறுநாள் செருப்பு காலில் இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மரமரப்பு ஏறிக்கொண்டே வந்தது. கையிலிருந்து தண்ணீர் டம்ளர் நழுவியபோது பாவா கேலியை நிறுத்தினான். பைக்கில் அவனுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்து, எனக்குப் பின்னால் ஒருவன் பிடித்துக்கொண்டு, திருத்தணி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அங்கே பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சின்ன சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் தானாக உதைக்க வேண்டுமாம். சும்மா தொங்கியது. சமீபத்தில் வயிற்றுப்போக்கு வந்ததா என்று கேட்டார். போன மாதம் வந்தது என்றேன். “உங்களுக்கு நரம்புலதான் பிரச்சனை. இது கீழேருந்து மேல ஏறும். நெஞ்சு வரைக்கும் வரலாம், வராமலும் போகலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிறகு நர்ஸ் வந்து கையில் ரப்பரைக் கட்டினார். மணிக்கட்டைத் தட்டினார், குத்தினார், இன்னொரு இடத்தில் குத்தினார். கடைசியில் திரும்பி, “நரம்பே கெடைக்கல டாக்டர்” என்றார்.

நரம்பு என்றால் எனக்குக் கையில் பச்சையாகப் புடைத்திருப்பதுதான். குனிந்து பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. கரைந்துவிட்டது என்று நினைத்தேன். கால் நரம்பு போய், இப்போது கை நரம்பும் போய்விட்டது. ஆர்.கே.பேட்டையில் இருக்கும் அக்காவுக்குச் சொல்லிவிடு என்று பாவாவிடம் சொன்னேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

டாக்டர் திரும்பி வந்ததும், “நரம்பே இல்லன்னா நான் எத்தினி நாளுக்குங்க இருப்பேன்?” என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அது ரத்தக்குழாய். ஊசி போடும்போது அதையும் நாங்க நரம்புன்னே சொல்லிப் பழகிட்டோம். நான் சொன்ன நரம்பு வேற. அது வெளிய தெரியாது.”

அது மூளையிலிருந்து கிளம்பி, முதுகெலும்புக்குள் தடித்த கயிறாக இறங்கி, கிளை பிரிந்து கால் கட்டைவிரல் வரை போகிறதாம். சேதி மேலே போக ஒரு வழி, உத்தரவு கீழே வர ஒரு வழி. கல் சுட்டால் மூளைக்குத் தெரியும் முன்பே முதுகுத்தண்டு காலை எடுக்கச் சொல்லிவிடும். வயிற்றில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய என் உடம்பின் காவல்காரர்கள், நரம்பின் மேலுறையையும் கிருமி என்று நினைத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். ஷெட்டில் எலி கடித்த ஒயர் ஞாபகம் வந்தது. மோட்டார் நன்றாக இருக்கும், தறி ஓடாது. மூச்சு நாம் சொல்லாமலே நடந்தாலும், நெஞ்சுக்கூட்டை விரிக்கிற தசைக்கும் அப்படி ஒரு ஒயர்தான் என்றார்.

கேட்ட பிறகு பயம் கூடியது. அது எதை நோக்கி ஏறுகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

முழங்கை மடிப்பில் ஒருவழியாக ஊசி இறங்கி, மருந்து சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. நெஞ்சில் எவ்வளவு மூச்சு நிற்கிறது என்று பார்க்க அவ்வப்போது நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். பயத்தில் எனக்கு எண்கள் குழம்பின. “ஸ்டேஷன் பேரு சொல்லட்டுங்களா? கடல வித்த லைனு, தூக்கத்துல கூட வரும்” என்றேன். சரி என்றார். அரக்கோணம், புளியமங்கலம், மோசூர் என்று தொடங்கினேன். உடம்பு நன்றாக இருந்த நாளில் ஒரே மூச்சில் ஆவடியைத் தாண்டுவேன். அன்று திருவள்ளூரில் நின்றது. அடுத்த முறை கடம்பத்தூர். பிறகு மணவூர்.

மோசூரில் நின்றபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார்கள். தொண்டைக்குள் குழாய் விட வேண்டியிருக்கலாம் என்றார்கள். புளியமங்கலம் வந்தால் விடுவார்கள் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு மூச்சையும் நான் இழுத்தால்தான் வரும் என்று தோன்றியது. கண்ணை மூடினால் மறந்துவிடுவேனோ என்று மூடாமல் கிடந்தேன்.

பாவா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னான்: “மோசூர்ல எறங்கிடாத பாவா. அங்க ஒனக்கு யார் கீறாங்க?”

சிரிக்க மூச்சு இல்லை.

மறுபடி கேட்டபோதும் மோசூர்தான். அதற்கு அடுத்த முறையும் மோசூர். கீழே இறங்கவில்லை என்று நர்ஸ் டாக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில், மோசூர் தாண்டி “திருவா” என்பது வரை வந்து மூச்சு அறுந்தது. “லங்காடு” என்று பாவா முடித்தான். நீங்கள் சொல்லக்கூடாது என்று நர்ஸ் அவனை வெளியே அனுப்பினார். சாயங்காலம் அதை நானே சொன்னேன். மெஷினை வேறு கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டிலை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நடக்க மாதங்கள் ஆயின. இடது பாதத்தின் ஓரம் இன்னும் மரத்தேதான் இருக்கிறது. தறிக்குப் போகவில்லை, மறுபடி ரயிலில் கடலை விற்கிறேன். கூவிக்கொண்டே பெட்டி பெட்டியாகப் போவேன். மோசூர் வரும்போது மட்டும் வாய் நின்றுவிடும். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு இழுப்பேன். அது உள்ளே போனதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பெட்டி.