ஒன்பது மணி நேர ஓய்வு

இந்தச் சீமையில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பூங்கா பெஞ்சில் ஒருவர் மத்தியானம் முழுக்க வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்க ஆளில்லை. வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் யாராவது "ரிலாக்ஸ், லெச்சுமி" என்றால் மட்டும் இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது வரும் வழியில், ஒரு விமான நிலையத்து ஓய்வறையில். தோட்டத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

சிலோன் மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் நான் பிள்ளை பார்க்கும் ஆயா. துரை வேலையை விட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது, அவர் மகள், ஆறு வயது ஜேன், என்னை விட்டு வரமாட்டேன் என்று அழுதாள். அதனால் இரண்டு வருஷத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்கள். பாதி வழியில், வெயில் கொளுத்தும் ஒரு நகரத்தில் விமானம் மாற வேண்டியிருந்தது. அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம். ஹோட்டலுக்குப் போய்க் குளித்துத் தூங்கலாம் என்று முடிவு செய்தார்கள். வாசலில் இருந்த அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டுகளுக்கு முத்திரை குத்தினார். என்னிடம் இருந்தது பாஸ்போர்ட் அல்ல, போய்வர ஒரு தாள். எந்த நாட்டுக் குடி என்ற இடத்தில் வெறும் கோடு இழுத்திருந்தது. அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து நிமிர்ந்தார். "இந்தியன்," என்றார் துரையின் மனைவி, எங்கள் துரைசாணி. "சிலோன்," என்றேன் நான். வெளியே விட முடியாது என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார், என்னிடம் அல்ல, துரைசாணியிடம். பிறகு குனிந்து ஜேனிடம் எந்த ஊர் என்று விளையாட்டாகக் கேட்டார். "சிலோன்! நுவரெலியா!" என்றாள் அவள். அவர் சிரித்துக் கன்னத்தைத் தட்டினார். அவளிடம் அத்தாட்சி கேட்கவில்லை.

துரைசாணி என் தாளைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். "நீ இங்கே உட்காரு, லெச்சுமி. நல்ல நாற்காலி. ரிலாக்ஸ்," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில் அன்பாகத்தான் சொன்னார்.

ஆளை விழுங்கும் மெத்தை நாற்காலி அது. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் கால் நீட்டிக் கண்ணை மூடிக் கிடந்தார்கள். நான் விளிம்பில் உட்கார்ந்தேன். எழுந்து நகரத்துப் பக்கக் கதவுக்குப் போனால் காவலாள் தாள் எங்கே என்றான். விமானத்துப் பக்கக் கதவில் நின்றவனும் அதையே கேட்டான். தாள் ஹோட்டலுக்குப் போயிருந்தது.

எங்கள் அப்பா சுப்பையா அந்தத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்திலேயே பிறந்து, அங்கேயே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்களை அந்நியர் என்றார்கள். குடியுரிமை வேண்டுமானால் மனுப் போடச் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது. விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று அப்பா கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். அதிகாரி சிங்களத்தில் கேட்டார். யாழ்ப்பாணத்துக் கிளார்க் அதைத் தமிழில் சொன்னார்: "உம்முடைய ஊர் எது?"

"தொறையூருங்க," என்றார் அப்பா.

அது இந்தியாவில் இருக்கும் அவருடைய அப்பாவின் ஊர். அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் லயத்தில் ஊர் என்று கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கிளார்க் எழுதிக்கொண்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. திரும்ப ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். "அது எங்கப்பா ஊருங்க. நான் இங்கதாங்க பொறந்தேன்," என்று மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எழுதியாச்சு. இனி மாத்த ஏலாது."

மனு தள்ளுபடி. மறுநாளும் அப்பா விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனார். வேலைக்கு மட்டும் அந்தப் பேர் செல்லும்.

அந்த நாற்காலியில் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜேன் பிறந்தது நுவரெலியா ஆஸ்பத்திரியில். நான் பிறந்தது அதே மலையில், சில மைல் தள்ளி. ஆறு வயதுப் பிள்ளை சொன்னால் ஊர். நான் சொன்னால் பொய்.

சாயங்காலம் அவர்கள் பவுடர் மணக்க வந்தார்கள். நன்றாக ஓய்வெடுத்தாயா என்று துரைசாணி கேட்டார். அதுவரை அவர் எது கேட்டாலும் ஆமாங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"என் தாளை என்கிட்ட குடுங்க, தொரசாணி."

"எதுக்கு? நீ தொலைச்சிடுவே."

"தொலைஞ்சாலும் என்னோடதுங்க."

என் குரல் உயரவில்லை. ஆனால் நான் நகரவில்லை. விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரை முகம் சிவந்து, கொடுத்துத் தொலை என்று ஆங்கிலத்தில் சொன்னார். தாளை நானே கதவில் நீட்டினேன். எந்த நாடு என்று காவலாள் கேட்டான். சிலோன் என்றேன். கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முத்திரை குத்தினான். கோடு அப்படியேதான் இருந்தது. ஆனாலும் மூன்றாம் ஆள் யாரும் எனக்காகப் பதில் சொல்லவில்லை.

விமானம் மேலே ஏறியதும் ஜேன் என் மடியில் தலை வைத்தாள். "ஆயா, நம்ம வீட்டுக்கு எப்ப போவோம்?" என்றாள், என்னிடம் கற்ற தமிழில். முன்னாலிருந்த துரைசாணி, வீட்டுக்குத்தானே போகிறோம் என்றார். "இது இல்ல, அந்த வீடு," என்றாள் ஜேன். வளர்ந்த பிறகு விரும்பினால் அவள் போவாள். எந்த வாசலிலும் அவளை நிறுத்த மாட்டார்கள். அவள் தலையைத் தடவியபடி நானும் அந்த வீடு இருந்த திசைக்குத் திரும்பினேன். ஜன்னலில் இறக்கைதான் தெரிந்தது, அந்தப் பக்கத்தையே மறைத்துக்கொண்டு.