படிக்கட்டில் போட்ட கூ

மிலான் நகரத்தில் நான் துப்புரவு வேலை செய்யும் ஆபீஸ் கட்டடத்தில், படிக்கட்டில் பாட்டுப் பாடக் கூடாது என்று வாசல் காவலாளி எனக்கு உத்தரவு போட்டார். நானா பாடினேன்? நான் போட்டது கூ. "நோ, சிஞ்ஞோரே, இது பாட்டில்லை. எல்லாரும் நல்லா இருக்கிறோமா என்று பார்க்கிறோம்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலி பாஷையில் விளக்கினேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குரல் நல்லாத்தான் இருக்கிறது. ஆனாலும் பாடக் கூடாது" என்றார். இவரோடு யார் மாரடிப்பது!

இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியும்போதே பால் வெட்டப் போகிற பெண்கள் மலையில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிடுவோம். மரங்களுக்கு நடுவே ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது. அதனால் அவ்வப்போது ஒருத்தி கூ போடுவாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பதில் போட வேண்டும். பதில் வராத பக்கத்துக்கு வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். பாம்பும் உண்டு, பன்றியும் உண்டு, அதைவிட மோசமான ஆம்பிளைகளும் உண்டு. ஓடிப் போய்க் காப்பாற்றிவிடுவோம், சரி. அதற்குப் பிறகு? கங்காணியிடம் சொன்னால், "பொம்பளைங்களுக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்பார். அந்த ஆள் மறுநாளும் பல்லைக் காட்டிக்கொண்டு அதே வழியில் வருவான்.

மிலானில் தெருவெல்லாம் விளக்கு. பெண்கள் தனியாகச் சைக்கிளில் போகிறார்கள். வந்த புதிதில் வாயைப் பிளந்து பார்த்தேன். ஆனால் பளபளக்கும் கட்டடத்துக்குள்ளே, ஆபீஸ்காரர்கள் வருமுன் மாடிக்கு ஒருத்தியாகத் தனித்தனியே தரை துடைத்தோம். எங்கள் சூப்பர்வைசருக்கு அது வசதியாகப் போயிற்று. பெரு நாட்டுப் பெண் ரோசாவின் மாடியில்தான் அவனுக்கு எப்போதும் மேற்பார்வை. ரோசா அழுதுகொண்டு, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புச் செய்கிறவன் இருக்க, இவள் ஏன் போக வேண்டும்?

கூ போடலாம் என்றதும் வரக்காப்பொலையிலிருந்து வந்த சிங்களப் பெண் குமாரி துள்ளினாள். "அபே கமேத் ஹூ கியனவனே, நங்கி!" எங்கள் ஊரிலும் கூ போடுவோமே, தங்கச்சி என்கிறாள். இருவருமாக ரோசாவைப் பழக்கினோம். முதல் நாள் அவள் போட்ட கூ, சளி பிடித்த பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலை நான் கூ போட்டேன். குமாரி பதில் போட்டாள். ரோசாவின் மாடியிலிருந்து சத்தமே இல்லை. மொப் கட்டையோடு ஓடினோம். சாமான் அறையின் வாசலை மறித்துக்கொண்டு அவன், உள்ளே ரோசா. எங்களைக் கண்டதும், சும்மா விளையாட்டுக்கு என்று இளித்தான். குமாரி சிங்களத்தில் கிழித்தாள். நான் தமிழில் கிழித்தேன். அவனுக்கு எல்லாமே விளங்கியது.

அன்றே மூன்று பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போய் அவன் மேல் முறைப்பாடு கொடுத்தோம். யாரும் எங்கள் வாயை அளக்கவில்லை. உட்கார வைத்துக் கேட்டார்கள். விசாரித்தார்கள். அவன் வேலை போயிற்று! இப்போது மாடிக்கு இரண்டு பேர். இருந்தும் கூவை நாங்கள் விடவில்லை. விஷயம் தெரிந்த காவலாளியும் கீழேயிருந்து பதில் போடுகிறார், ராகத்தோடு.

இன்னும் பால் வெட்டும் என் அக்காவிடம் இதைப் போனில் சொன்னேன். "அடியே, அங்கயும் போயி கூ போட வச்சிட்டியா!" என்று சிரித்தவள், திடீரென்று நிறுத்தினாள். "அப்ப நாங்க மட்டும் ஏன்டி ஓடிப்போயி காப்பாத்திட்டு, பொத்திக்கிட்டு இருக்கோம்? இங்கயும் ஒருத்தன் ஆடுறான். நாளைக்கே எல்லாரும் சேந்து பொலிசுக்குப் போறோம்." எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நேற்றுக் காலை படிக்கட்டில் நிற்கும்போது அக்காவின் குரல்பதிவு வந்தது. "அவன உள்ள வச்சிட்டாங்கடி!" என்று கத்தினாள். அவள் பின்னால் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூ. அது என் போனிலிருந்து படிக்கட்டு முழுக்க ஏறியது. மேலே குமாரி பதில் போட்டாள், ரோசா போட்டாள், கீழே காவலாளியும் போட்டார். பாக்கி நான் ஒருத்திதான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, ருவான்வெல்லைக்கும் பதில் போட முடியவில்லை, மிலானுக்கும் முடியவில்லை. பதில் வராத பக்கத்துக்கு ஓட வேண்டும் அல்லவா? மொப் கட்டைகள் சுவரில் இடிபட, என்னைத் தேடி அவர்கள் படியிறங்கி ஓடி வரும் சத்தம் கேட்டது.