பொறுமை கேட்டேன், கோபம் கொடுத்தாள்

அம்பாளை நம்பும் உங்கள் எல்லாருக்கும் நமஸ்காரம். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

கல்யாணமாகிக் கொல்கத்தாவுக்கு, லேக் கார்டன்ஸில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே மாதவிலக்கு என்றால் எனக்கு நரக வேதனை. இடுப்பு கழன்றுபோகும். வாந்தி வரும். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுச் சுருண்டு கிடப்பேன். வலிக்கு மாத்திரை கேட்டால் மாமியார், "கண்டதையும் முழுங்கினா கர்ப்பப்பை கெட்டுடும்டி. பொம்மனாட்டின்னா பொறுத்துக்கணும்" என்பார். அதே மாமியார், வரலக்ஷ்மி நோன்பு வந்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிவர என் கணவரை லேக் மார்க்கெட்டுக்கு விரட்டுவார். அப்போது மட்டும் கர்ப்பப்பை கெடாது! டாக்டர் சீட்டும் வேண்டாம். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

போன வருஷமும் அந்தத் தள்ளிப்போடும் மாத்திரையை முழுங்கினேன். கொழுக்கட்டை செய்தேன், சரடு கட்டிக்கொண்டேன். நோன்பு முடிந்தபின் வந்த வலியில் குளியலறையில் மயங்கி விழுந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அம்மாவுக்குத் தெரியாததா?" என்றார் கணவர்.

பூஜை அறைக்குள் போகக் கூடாதே! படுக்கையறைத் தரையில் கிடந்தபடியே அம்பாளைக் கூப்பிட்டேன். மாதாமாதம் "பொறுமை கொடு" என்றுதான் வேண்டுவேன். அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "நீயும் பெண்தானே, ஒரு வழி சொல்லு" என்று அழுதேன். அமைதி வரவில்லை. கோபம் வந்தது. என் ஆயுசில் அப்படியொரு கோபம் வந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"நான் டாக்டர்கிட்ட போறேன். வரதானா வாங்கோ."

கணவர் செருப்பை மாட்டினார்.

பக்கத்திலிருக்கும் டாக்குரியாவில் ஒரு வங்காளி டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். சினைப்பையில் கட்டி. எண்டோமெட்ரியோசிஸ் என்றார், கர்ப்பப்பைக்குள் இருப்பது போன்ற திசு வெளியே வளரும் வியாதியாம். "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று அவர் கேட்டது என்னை அல்ல, என் கணவரை. ஆபரேஷன் ஆனது. மருந்து தொடர்கிறது. இப்போது வலி அடங்கியிருக்கிறது, மாதம் முழுக்க வேலைக்குப் போகிறேன். என்னை எழுப்பிவிட்ட தாய்க்குத் தினமும் நன்றி சொல்கிறேன்.

லேசான வலி பலருக்கும் வரும். ஆனால் வேலையை முடக்கும் வலி, மாத்திரைக்கும் அடங்காத வலி, போகப் போக ஏறும் வலி, மயக்கம், அளவு மீறிய ரத்தப்போக்கு, இதெல்லாம் தலையெழுத்து இல்லை. டாக்டரைப் பாருங்கள். அம்பாள் என்னைக் கைவிடவில்லை, உங்களையும் விடமாட்டாள். வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெண் வலிக்கிறது என்று சொன்னால், முதலில் அவளை நம்புங்கள்.