கட்டைவிரல் பட்ட வில்லை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி டாக்டர் என்று பெயர். வைத்தவர்களையும் குறை சொல்ல முடியாது. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் அகச்சிவப்புக் கருவி இருக்கும் அறையில் கையுறை போடாமல் எதையாவது தொட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வெளியே போவார்கள். விரலின் எண்ணெய்ப்பசை சோதிக்கிற பொடியில் துளி ஒட்டினாலும் திரையில் மேடாக எழுந்துவிடும்.

அன்று அவள் கொதித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் சொந்தத் தம்பி. மாத்திரைக்குள் மருந்தைச் சுமக்கிற சிலிக்கா நுண்துகள் செய்யும் கம்பெனியில் அவன் மேனேஜர். துகளில் நுண்ணிய ஓட்டைகள் விழுவதற்காகச் சோப்பு மாதிரி ஒரு ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். பிறகு உலையில் சுட்டு அதை எரித்தே ஆகவேண்டும். தங்கினால் உடம்புக்கு விஷம். கருவியின் ஒளி பட்டதும் பொடிக்குள் இருக்கும் பிணைப்புகள் அதிரும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஓர் இடம் உண்டு. தம்பி சோதிக்கக் கொடுத்த பொடியில் சிலிக்கா தன் இடத்தில் ஒழுங்காகத்தான் நின்றது. தள்ளி, எதுவுமே இருக்கக் கூடாத இடத்தில் அந்த ரசாயனத்தின் இரண்டு மேடுகள்.

"அக்கா, அது உன் கை எண்ணெயா இருக்கும். அதுவும் அங்கதானே வரும்?" என்றான் தம்பி. "சரக்கு நாளைக்குக் கிளம்பணும். சுத்தம்னு எழுதிக் குடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக ஊரையே கை கழுவ வைத்தவளிடமா இந்தப் பேச்சு? புதுக் கையுறை மாட்டினாள். பொடியோடு கலக்கிற உப்பை மட்டும் அழுத்தி வில்லையாக்கி முதலில் கருவியில் வைத்தாள். கோடு சமமாக ஓடியது, கை எண்ணெயின் மேடு எதுவும் இல்லை. அடுத்து, உப்போடு அவன் பொடியைச் சேர்த்த வில்லை. அதே இரண்டு மேடுகள்.

"இப்ப யார் கை எண்ணெய்டா?"

அவள் வெளியே எடுத்து வைத்த வில்லையின் மேல் அவன் நிதானமாகக் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். "இப்ப என் கை. யார் கேட்டாலும் கை பட்டுடுச்சுன்னு சொல்லிடலாம். நான் குடுத்த பொடியே அவ்வளவுதான், திரும்பச் சோதிக்க மிச்சம் இல்லையே?"

யார் யாரோ விழுங்கப் போகிற மாத்திரை, இவனுக்கு விளையாட்டு. கத்தப்போகிறாள் என்று அவனும் காத்திருந்தான். அவள் எழுந்துபோய் உலர்பெட்டியைத் திறந்து, சீல் வைத்த குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"நீ குடுத்த பொடியில பாதிதான் எடுத்தேன். உன்னை எனக்குத் தெரியாதா? மீதி மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போகுது. நீ போய்க் கையைக் கழுவு."