பதில் சொல்ல உட்கார்ந்தவள்

என்னிடம் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது. பழுப்பு நிறத் தோல் வார், சின்ன வட்டம், சிவப்பு நொடி முள். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் மட்டும்தான் எண், மற்றதெல்லாம் கோடு. வாரை மூன்று தடவை மாற்றிவிட்டேன். பொன்னேரியில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நோயாளிகளின் நாடியை இதைப் பார்த்துத்தான் எண்ணுகிறேன். "இன்னா சிஸ்டர், வூட்டுக்காரரு ஒரு புது வாட்ச் வாங்கித் தர மாட்டாரா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். செய்யாத வேலைக்கு வாங்கின கூலி இது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கொடுத்தவள் என் அக்கா. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. பசியாவரத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்குள்ளேயே ஒரு திட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். அக்கா தினமும் படகேறி அக்கரையில் இருந்த நண்டுக் கம்பெனிக்குப் போவாள். உயிர் நண்டின் இரண்டு கொடுக்கையும் மடக்கி ஈரக் கயிற்றால் கட்டுகிற வேலை. நண்டின் முதுகில் பெருவிரலை வைத்து லேசாக அழுத்துவாள், அது சுதாரிப்பதற்குள் கட்டு விழுந்திருக்கும். விரலெல்லாம் கீறல். முதல் சம்பளத்தில் அவள் தனக்கென்று வாங்கியது இந்த வாட்ச் ஒன்றுதான். பொன்னேரியில் நர்ஸ் பயிற்சி ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லி, அதற்கு விண்ணப்பத் தாளும் வாங்கி என் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "பஸ் டைமு தெரியணும்ல, அதுக்குத்தான் வாட்ச்சு" என்பாள். எந்த பஸ் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, கண் மங்க ஆரம்பித்தது. ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவர் வலை விட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடி முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பேர். கல்யாணம் ஆன ஆண்பிள்ளையின் பேரைத்தான் பாடு நோட்டில் எழுதுவார்கள். மகன் இல்லாத வீட்டில், அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுகிற சொந்தக்காரப் பையன் பேருக்கு முறை மாறும். எங்கள் வீட்டில் இரண்டும் பெண். நைனா கரையில் உட்கார்ந்துவிட்டால் எங்களுக்கு ஏரியே இல்லை. கண்ணெதிரே தண்ணீர் இருக்கும், அதில் எங்களுக்கு ஒரு இறால் கூடச் சொந்தமில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அம்மா அப்பா இல்லாமல் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் வளர்ந்தவர். அக்காவை விடப் பன்னிரண்டு வயது பெரியவர். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. அதிர்ந்து பேச மாட்டார். அம்மா ஒரு நாள் கீரையை ஆய்ந்துகொண்டே அக்காவிடம், "உங்க மாமனுக்கே முடிச்சிடலாம்னு நைனா சொல்லுது" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவரு மடியில உக்காந்து சோறு துண்ணவடீ நானு. முதுவுல ஏத்திக்கினு நீச்சல் சொல்லிக் குடுத்தாரு. அவரைப் போயி எப்படிடீ?" அவள் உடம்பு கூசியதை நான் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் எனக்கு அது பாதிதான் புரிந்தது. இப்போது முழுக்கப் புரிகிறது, புரிந்து யாருக்கு என்ன லாபம்?

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பரிசம் போடும் அன்று ஊர் கூடிய இடத்தில் தலைவர், "பொண்ணுக்கு சம்மதமா?" என்று கேட்பார். பெண் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் சபைக்கு மரியாதை இல்லை. அவளுக்குப் பக்கத்தில் பாயில் ஒரு சின்னப் பெண்ணை, இன்னும் வயசுக்கு வராதவளை, உட்கார வைப்பார்கள். அவள்தான் பதில் சொல்ல வேண்டும். மணப்பெண்ணின் மனசு அந்தக் குழந்தையின் வாயில் வரும் என்பார்கள். அக்காவுக்குப் பதில் சொல்ல என்னை உட்கார வைப்பதாக முடிவாயிற்று. எனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். நானும் பெருமையாகத்தான் திரிந்தேன்.

பரிசத்துக்கு முதல் நாள் மத்தியானம் படகுத் துறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள் அக்கா. வாட்ச்சைக் கழற்றி என் கையில் கட்டினாள். கடைசி ஓட்டையில் மாட்டியும் அது முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. "நாளைக்குக் கேக்கும்போது சம்மதம் இல்லைனு சொல்லு. அவ்ளோதான். நான் சொன்னா எதுத்துப் பேசினேன்னு ஆவும், ஊரு நம்ம வூட்டைத் தள்ளி வெச்சிடும். நீ சொன்னா அது முறை. ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வாட்ச்சு உனக்கே" என்றாள். எங்கே மாட்டிக்கொண்டாலும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிற ஆள் அவள். நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

அம்மன் கோயில் முன்னால் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். தலைவர் கேட்டார். எனக்கு நேரெதிரே அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னை மிரட்டவில்லை, முறைக்கவில்லை. நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவருக்கு என் முகம் தெரியவில்லை, குரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். என் வாயிலிருந்து "சம்மதம்" என்று வந்தது. ஐயோ, அவ்வளவு சுலபமாக வந்தது. குலவை போட்டார்கள். பக்கத்தில் அக்கா அசையவில்லை. என் கையிலிருந்த வாட்ச்சை ஒரு தடவை பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

அழுதுகொண்டே அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் இருபத்தோரு வருஷம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா பேர் பாடு நோட்டில் ஏறியது. அவரும் அவளை நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டார், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அதுவரை வாய்க்கு வாய் "மாமா, மாமா" என்றிருந்தவள், தாலி ஏறிய பிறகு அவரை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "தோ" என்பாள், இல்லாவிட்டால் தட்டை நங்கென்று வைப்பாள். நண்டுக் கம்பெனிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஒரே மகள் பிறந்தாள். சமூக அறிவியல் புத்தகத்தில் இருந்த விண்ணப்பத் தாள் அப்படியே இருந்தது. சில வருஷம் கழித்து அதே பயிற்சிக்கு நான் போனேன். முறை பேர் மாறி, வீட்டில் சோறு நிச்சயமாகிவிட்டதால் என்னை யாரும் தடுக்கவில்லை. பஸ் பிடிக்க அவளுடைய வாட்ச்சைத்தான் பார்த்தேன். வெட்கமில்லாதவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டதுண்டு. திட்டிக்கொண்டே பஸ் ஏறிவிடுவேன்.

போன தை மாதம் அக்கா மகள் என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பொன்னேரியில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஊசி போட வந்தவர்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மாமாவுக்கு இடுப்பு போய்விட்டது, படகு தள்ள முடியவில்லை, சொந்தத்தில் ஒரு பையனைப் பார்த்திருக்கிறார்கள். "எனக்கு வோணாம் சித்தி" என்றாள். என் வீட்டுக்கு வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நான் ஓடிட்டேன்னு வெச்சுக்கோ, எங்க நைனாவைப் பாடு நோட்டுலர்ந்து எடுத்துடுவாங்க. அதெல்லாம் ஆவாது" என்றாள். பிறகு, "உம் பொண்ணைத்தான் பதில் சொல்ல உக்கார வெக்கப் போறாங்களாம். பாப்பா இல்லைனு சொன்னா அது முறைதானே சித்தி? எம்மேல குத்தம் வராதுல்ல?" என்று கேட்டாள். அக்கா பேசியதை அவள் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அதே பேச்சு.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு போன் பண்ணினேன். "பொண்ணை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன். "என்னைக் கேட்டாங்கடீ. நீதான் பதில் சொன்னே" என்றாள். வைத்துவிட்டாள். இத்தனை வருஷமும் நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது. வந்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்தது. இந்தத் தடவை பதில் சரியாக வர வேண்டும், வந்தால் என் பாவம் தொலையும். என் மகளுக்கு ஒன்பது வயது. யாருக்கும் பயப்படாத வாய். கதையை முழுக்கச் சொன்னேன், வாட்ச்சையும் காட்டினேன். ஆனால் கையில் கட்டவில்லை. கூலியை முன்னால் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா என்ன?

அதே கோயில். துணிப்பந்தலுக்குப் பதிலாகத் தகரப்பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி. அப்போதைய தலைவரின் மகன் இப்போது தலைவர். "பொண்ணுக்கு சம்மதமா?" என்று கேட்டார்.

என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, "சம்மதம் இல்ல" என்றாள். கணீரென்று சொன்னாள், பந்தல் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும்.

என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியை எண்ணியிருந்தால் எந்த டாக்டரும் என்னைப் படுக்கையில் போட்டிருப்பார். அப்புறம் தலைவர் சிரித்தார். கூட்டமே சிரித்தது. "பாப்பா டவுனுல வளந்தது, வெளையாடுது. சம்மதம்னு சொல்லு கண்ணு" என்றார். என் மகள் எழுந்து நின்றாள். "வெளையாடலை. அக்காவுக்குச் சம்மதம் இல்ல" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி, "சரியான வாயாடி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளி, கையைப் பிடித்துப் பாயிலிருந்து இறக்கிவிட்டாள். கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையை, மூக்கு ஒழுக நின்றதை, தூக்கி அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். "நீ சொல்லுடா தங்கம்." அது "சம்மதம்" என்றது. குலவை போட்டார்கள். தட்டு மாறியது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

நான் அக்கா மகளைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அக்காவைப் பார்த்தேன். வெற்றிலைத் தட்டை ஏந்திய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். சிரிக்காதது அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான். அந்தக் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுத் துறை வரைக்கும் எங்களோடு நடந்து வந்தாள். துறையில் நின்று, "அன்னிக்கு நீ இல்லைனு சொல்லியிருந்தாக் கூட, வேற ஒரு குட்டியை உக்கார வெச்சிருப்பாங்கடீ" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டேன், முட்டாள். கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "இத்தினி வருஷம் உம்மேல கோவமா இருந்தேன். நீ மட்டும் வாயைத் தொறந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்னு நெனச்சிக்கினே காலத்தை ஓட்டினேன். எனக்கும் ஒரு வழி இருந்துச்சுன்னு நெனச்சேன். இப்ப அதுவும் பூட்ச்சு." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பந்தலில் அவளைத் தேடிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சாப்பாடு பரிமாற ஆள் வேண்டும், பெண்ணைப் பெற்றவள் இல்லாமல் எப்படி?

படகில் என் மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கிள்ளின கன்னம் சிவந்திருந்தது. பாதி ஏரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"நான் கரெக்டாத்தானே சொன்னேன்?" என்றாள்.

"கரெக்டாத்தான் சொன்னே."

"அப்புறம் ஏம்மா சிரிச்சாங்க?"

நான் வாட்ச்சைக் கழற்றினேன். சொன்ன வேலையைச் செய்தவள் அவள்தான். கடைசி ஓட்டையில் மாட்டி அவள் கையில் கட்டிவிட்டேன். அது வழுக்கிக்கொண்டு முழங்கைக்குப் போனது. அவள் அதைக் கீழே இழுத்துவிட்டாள், மறுபடியும் போனது. கேள்வி கேட்டவள் பதிலுக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.